ஆர்கன்

தாஸ் தீவில் இரவுக்குக் கறுப்பு கிடையாது.
கழிவு வாயு எரியும் கோபுரம்
சோற்றுத் தட்டுவரை ஆரஞ்சு பூசியிருக்கும்.
எழுபத்து நாலு, ஆகஸ்ட்.
குழாய் போட்டுக்கொண்டிருந்தோம்.
பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு டிகிரி
அதில் ஓடப்போகிறதாம்.
அவ்வளவு குளிரை எங்கேயிருந்து கொண்டுவருவான்கள்
என்று கேட்டான் இன்னாசிமுத்து.
அவன் முதுகுச் சட்டையில் வியர்வை
உப்பாகக் காய்ந்திருந்தது.

பதினொரு மணிக்குச் சைரன்.
எல்லோரும் கயிற்றுக்கு வெளியே.
ட்ரெவர் வருவான், தோள்வரை முடி,
ஈயப் பெட்டிக்குள் மிளகளவு கதிர்.
வெல்டுகளைப் படம் பிடிப்பான்.
பெட்டி தூக்குபவன் நான்.
உடம்பில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க
அவன் மார்பில் ஒரு வில்லை குத்தியிருந்தது.
என் சட்டையில் பட்டனே இரண்டு குறைவு.

படம் விழும்வரை கேட்க அவனிடம் ஒரு கேசட்.
பாட்டென்று சொல்ல முடியாது.
இருபது நிமிடம் ஒரே தாளம்,
அதன்மேல் கம்ப்ரசர் கெட்டதுபோல் ஓர் ஊளை,
நடுவே ஒருவன் பாடாமல்
நோட்டீஸ் வாசிக்கிறான்.
என்ன சொல்கிறான் என்றேன்.
பூமி எரிந்து முடிந்தது, கப்பல் கிளம்புகிறது,
பயணிகளை உறையவைத்துத் தூங்கப் போட்டிருக்கிறார்கள்,
நூறு வருஷம் கழித்து எழுப்புவார்கள்.
கப்பலை வெல்டு பண்ணினவர்கள்?
ட்ரெவர் யோசித்தான். நல்லவன், நிஜமாகவே யோசித்தான்.
அவர்களைப் பற்றி வரி இல்லை என்றான்.

எங்கள் கேபினில் பன்னிரண்டு பேர், ஆறு கட்டில்.
பகல் ஷிப்ட் எழுந்த சூட்டில் இரவு ஷிப்ட் படுக்கும்.
பாஸ்போர்ட்டுகள் அபுதாபியில்,
ஏசி ரூமில், இரும்புப் பெட்டியில்.
அவைதான் உறைந்து தூங்கின.

ஒருமுறை விளக்குப் பலகையில் ஃபிலிமை வைத்துக் காட்டினான்.
கறுப்புக்குள் வெளிறிய ஆறாக வெல்டு,
ஆற்றில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.
நட்சத்திரம் என்றேன்.
டங்ஸ்டன் என்றான்.
கை நடுங்கினால் ஊசிமுனை ஒடிந்து உள்ளே விழும்.
நட்சத்திரம் இருந்தால் ஃபெயில்.

புதன்கிழமை இன்னாசிமுத்து
முப்பது இஞ்ச் குழாய்க்குள்
வெல்டின் உள்முகம் பார்க்கத் தவழ்ந்து போனான்.
உள்ளே ஆர்கன் நின்றிருந்தது.
அதற்கு வாசனை கிடையாது, இருமல் வராது.
மூச்சு வந்துபோவது போலவே இருக்கும்,
மூச்சில்தான் ஒன்றும் இருக்காது.
காலைப் பிடித்து இழுத்தோம்.
முகமூடி நெற்றிக்கு ஏறியிருந்தது.
வலது கையில் டார்ச், எரிந்தபடி.

வால்வு வந்த பலகையில் பெட்டி அடித்தோம்.
இந்தப் பக்கம் மேலே என்று அதில் இரண்டு அம்பு.
ஆணி அடித்தவன் கவனிக்கவில்லை,
அம்பு கால் பக்கம் பார்த்தது.
சின்ன விமானம் தூக்கிக்கொண்டு போனது.
இறக்கைச் சத்தம் அடங்கியதும்
ஃபோர்மேன் கைதட்டிக் கூப்பிட்டார்.

வெள்ளி இரவு அவனுடைய கடைசி வெல்டு.
ட்ரெவர் குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை.
இருந்தது.
அரிசிக் குருணை அளவு, பளீரென்று.
விட்டுவிடேன் என்று நான் சொல்லவில்லை.
சொல்ல இங்கிலீஷ் இருந்தது.
ரிஜெக்ட் என்று எழுதினான்,
பேனாவை மூட மறந்தான்.

கிரைண்டரைப் பிடித்தது நான்தான்.
தோண்டத் தோண்டப் பொறி பறந்தது.
அதில் எது அவனுடையது என்று யார் கண்டது?
மண்ணில் விழுந்ததும் எல்லாம் ஒரே சாம்பல்.

பின்னால் கேசட் ஓடிக்கொண்டிருந்தது.
பேட்டரி இறங்கி, தாளம் சேற்றில் நடந்தது,
வாசிப்பவனின் குரல்
கிழவனாகி, மாடாகி, இயந்திரமாகி,
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணியது.
முதல்முறையாக எனக்கு அது பிடித்தது.
மூன்றில் நின்றுவிட்டது.

கேம்ப் கடையில் பேட்டரி இருக்குமா என்று கேட்டான்.
வெள்ளிக்கிழமை, கடை கிடையாது என்றேன்.